முதலில் ஓதம், கடைசியில் பெயின்ட்

பிரிட்டனில் சில நூறு பவுண்டுக்குக் கிடைக்கிறது நாற்பது வயதான கேரவன். அதை மறுபடி சாலைக்குக் கொண்டுவர என்னென்ன செய்ய வேண்டும்?

பழைய கேரவனை விலை பேசப் போகிறவர் உள்ளே ஏறியதும் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். மூக்கு சொல்லிவிடும். மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த அறையின் பூஞ்சை வாடை வந்தால் சுவருக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. ரூம் ஸ்பிரே வாசனை தூக்கலாக அடித்தால் இன்னும் உஷாராக வேண்டும்.

அடுத்த வேலை கட்டைவிரலுக்கு. முன் ஜன்னலுக்குக் கீழே, நான்கு மூலைகளிலும், கூரையும் சுவரும் சேரும் இடத்தில், மெத்தையைத் தூக்கினால் தெரியும் பெட்டிகளின் உள்பக்கத்தில் எல்லாம் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல பிளைவுட் விரலுக்கு அசைந்து கொடுக்காது. ஓதம் காத்த பிளைவுட் பாலில் ஊறிய ரொட்டி மாதிரி அமுங்கும். கையோடு ஈரமானி ஒன்றையும் கொண்டுபோவது நல்லது. அதன் இரண்டு முட்களையும் சுவரில் பதித்தால் மரத்தின் ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டும். 15க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 20ஐத் தாண்டினால் சுவரைப் பிரிக்க வேண்டியிருக்கும். 30ஐத் தொட்டுவிட்டால் உள்ளே மரம் மக்கத் தொடங்கியிருக்கும்.

இங்கே பேசுவது படப்பிடிப்பில் நடிகர்கள் இளைப்பாறும் ஏசி பேருந்தைப் பற்றி அல்ல. இதற்கு எஞ்சின் கிடையாது, ஸ்டீயரிங் கிடையாது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு. பத்தடிக்குப் பதினைந்தடி கூட இல்லாத இடத்துக்குள் நான்கு பேர் படுக்கை, அடுப்பு, தொட்டி, பிரிட்ஜ், அலமாரி, கழிப்பறை எல்லாம் அடங்கியிருக்கும். பிரிட்டனில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் இப்படி ஒன்று நிற்கும். கூரையில் பாசி படிந்து, டயரில் காற்றிறங்கி, வருஷக்கணக்கில் யாரும் தொடாமல் கிடப்பவையும் ஏராளம். வீட்டுப் பெரியவர் காலமானதும் பிள்ளைகள் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அப்படி வாங்கி, பிரித்து, தச்சு வேலை பார்த்து, மறுபடி ஓடவிடுவது இங்கே பலருக்குப் பல வருஷப் பித்து.

எனக்கும் அந்தப் பித்து பிடித்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டுப் பெரியவர். நாங்கள் இருப்பது கிழக்கு யார்க்‌ஷர். ஹல் நகரமும் அதன் சுற்றுவட்டாரமும்தான் பிரிட்டனின் கேரவன் தொழிலுக்குத் தாய்வீடு. 1964இல் தொடங்கிய ஸ்விஃப்ட் நிறுவனத்தின் தொழிற்சாலை பக்கத்திலுள்ள காட்டிங்ஹமில் இருக்கிறது. பெரியவர் இளமையில் இந்தப் பகுதியில் ஒரு கேரவன் பட்டறையில் தச்சராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு 1986ஆம் வருஷத்து வண்டி ஒன்றை வாங்கி, தன் கொல்லையில் தார்ப்பாய்க் கொட்டகை போட்டு அதற்குள் நிறுத்தியிருந்தார். நான் வேடிக்கை பார்க்கப் போய், ஆணி எடுத்துக் கொடுத்து, கடைசியில் உளி பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

குதிரை இழுத்த சொகுசு

உல்லாசத்துக்கென்றே கட்டிய முதல் கேரவன் 1885இல் வந்தது. வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் கடற்படையில் மருத்துவராக இருந்தவர். சிறுவர்களுக்கான சாகசக் கதைகள் எழுதிப் பேர் வாங்கியவர். பிரிஸ்டல் வேகன் ஒர்க்ஸ் பட்டறையில் சொல்லிச் செய்த அந்த மரவண்டிக்கு ‘வாண்டரர்’ என்று பெயர் வைத்தார். நீளம் 18 அடி, எடை சுமார் 2 டன். இரண்டு குதிரைகள் பூட்டி, பெர்க்‌ஷரிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். அவருடைய பணியாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னே போய், பெரிய வண்டி வருகிறது என்று எதிரே வருகிறவர்களை எச்சரிப்பாராம்.

ஸ்டேபிள்ஸுக்கு இந்த யோசனை வெறுங்காற்றில் பிறக்கவில்லை. ரோமா மக்கள் அதற்கு முன்பே வண்டியில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் மேற்கே போனவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். இன்றும் அவர்கள் மொழியில் வட இந்திய மொழிகளின் வேர் தெரியும். உள்ளே இரும்படுப்பும் வெளியே சித்திர வேலைப்பாடும் கொண்ட அவர்களுடைய ‘வார்டோ’ வண்டிதான் கனவான்களின் உல்லாச வண்டிக்கு முன்மாதிரி. வண்டியை ரசித்த நாடு அதில் வாழ்ந்தவர்களை ரசிக்கவில்லை. அவர்கள் வண்டிகளை நிறுத்த உள்ளாட்சிகள் இடம் ஒதுக்கித் தர வேண்டும் என்று 1968இல் ஒரு சட்டம் வந்தது. 1994இல் அந்தக் கடமையை நீக்கிவிட்டார்கள். ஜூன் மாதம் கும்ப்ரியாவில் ஆப்பிள்பி குதிரைச் சந்தைக்கு அவர்கள் கூடும்போது அந்த வண்டிகளை இன்றும் பார்க்கலாம். கேரவன் வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரே வரியில் கடந்துபோவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

மோட்டார் காருக்கான கேரவனை 1919இல் பர்மிங்ஹமின் எக்கிள்ஸ் நிறுவனம் செய்து விற்கத் தொடங்கியது. அப்போது அது பணக்காரர்களின் விளையாட்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து சாம் ஆல்பர் ‘ஸ்பிரைட்’ வண்டிகளைக் கட்டத் தொடங்கிய பிறகுதான் சாதாரணக் குடும்பங்களின் கைக்கு எட்டியது. 1958இல் ‘லிட்டில் செஃப்’ என்ற சாலையோர உணவகங்களைத் தொடங்கியவரும் இவரே. குடும்பத்தோடு ஊர்சுற்றக் கிளம்பியவர்களின் வயிற்றையும் அவர் மறக்கவில்லை.

சுவரைப் பிரித்தால்

ஆல்பர் காலம் தொட்டு 2000களின் இறுதி வரை பெரும்பாலான பிரிட்டிஷ் கேரவன்களைக் கட்டிய முறை ஒன்றுதான். மெல்லிய மர ரீப்பர்களால் சட்டம். வெளியே அலுமினியத் தகடு. உள்ளே 3 மில்லிமீட்டர் பிளைவுட். நடுவே சுமார் ஓர் அங்குலத்துக்குத் தெர்மாகோல். சுவரும் கூரையும் சேரும் விளிம்பு நெடுக ஓர் அலுமினியப் பட்டி ஓடும். முகாம் போடும்போது கூடாரத் துணியைக் கோத்து மாட்டுவது அந்தப் பட்டியில்தான். அது நிற்க வேண்டுமென்றால் தகட்டைத் துளைத்து மரத்துக்குள் திருகாணி இறங்கியாக வேண்டும். ஒரு பக்கத்துக்கே டஜன் கணக்கில் துளைகள். ஒவ்வொன்றையும் அடைத்துக் காப்பது பட்டிக்கு அடியிலிருக்கும் மாஸ்டிக் என்னும் பிசின் நாடா மட்டுமே.

புதிதில் அது களிமண் பதத்தில் நெகிழும். பத்து, பதினைந்து வருஷம் வெயிலிலும் குளிரிலும் கிடந்து காய்ந்து வெடிக்கும். வண்டி ஓடும்போது உடம்பு முறுக்கிக் கொடுப்பதால் வெடிப்பு விரியும். மழைத் தண்ணீர் திருகாணியைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். திருகாணி துருப்பிடிக்கும், துளை பெரிதாகும், இன்னும் தண்ணீர் வரும். வெளியே அலுமினியம், உள்ளே வழவழப்பான தாள் ஒட்டிய பிளைவுட். உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. மேலே ஒழுகினால் கீழேதான் தெரியும். கறை தரையோரம் இருக்கும், ஓட்டை கூரையோரம் இருக்கும்.

பெரியவரின் வண்டியில் ஈரமானி முன்பக்க இடது மூலையில் 28 காட்டியது. மற்ற இடங்களில் 15ஐ ஒட்டி. “ஒரே மூலைதானே” என்றேன். “சட்டத்தைப் பார்த்த பிறகு சொல்லுங்கள்” என்றார். படுக்கைப் பெட்டியைக் கழற்றி, ஜன்னலுக்குக் கீழ் பிளைவுட்டைக் கத்தியால் கோடு போட்டு உரித்தார். தாள் முழுசாக வந்தது. அதன் பின்னால் மரம் இருந்த இடத்தில் கறுத்த தூள் கொட்டியது. மூலையில் நிற்க வேண்டிய ரீப்பர் முழங்கை நீளத்துக்குக் காணவில்லை. தெர்மாகோலைத் தொட்டால் விரலில் தண்ணீர். இத்தனைக்கும் வெளியே அலுமினியம் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். நல்ல மரம் கண்ணில் படும்வரை பிரித்துக்கொண்டே போக வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதை மரம்தான் தீர்மானிக்கும். அதன் பிறகு காய விட வேண்டும். ஈரம் உறிஞ்சும் மின்கருவியை இரவும் பகலும் ஓடவிட்டாலும் வாரக்கணக்கில் ஆகும். காயாத மரத்தின் மேல் புதுப் பிளைவுட் அடித்து மூடினால் அடுத்த வருஷம் அதே வேலை காத்திருக்கும்.

காய்ந்த பிறகு நடப்பது நம்மூர் ஆசாரி கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. மக்கிய பகுதியை நல்ல மரம் வரை வெட்டி எடுத்து, பழைய ரீப்பரின் நுனியையும் புது ரீப்பரின் நுனியையும் பாதிப் பாதி செதுக்கி, ஒன்றின் மேல் ஒன்று படிய வைத்து, தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டிக் கிளாம்ப் போடுவது. இரண்டு பக்கமும் மரக்காப்பு மருந்து அடிப்பது. மூலை வளைவுக்கு மட்டும் பெரியவர் அட்டையில் அச்சு வெட்டி, தடித்த பிளைவுட்டில் வரைந்து, அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தினார். மூன்றாவது முறை வைத்துப் பார்த்தபோது வெளிச்சம் புகும் இடைவெளி இல்லை. சட்டம் எழுந்ததும் புதுத் தெர்மாகோல் பலகை, அதன் மேல் 3 மில்லிமீட்டர் பிளைவுட்.

ஆனால் உள்ளே எவ்வளவு அழகாக ஒட்டினாலும், வெளியே அந்தப் பட்டியைக் கழற்றி மறுபடி அடைக்காத வரை எல்லாம் வீண். பட்டியைக் கழற்றியதும் தகட்டில் காய்ந்து கிடக்கும் பழைய மாஸ்டிக்கை மரச் சுரண்டியால் வழிக்க வேண்டும். இரும்புக் கத்தி வைத்தால் அலுமினியத்தில் கோடு விழும். மிச்சத்தை ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். சோம்பேறித்தனமாக மேலோடு மேல் சிலிக்கான் பூசிவிட்டுப் போனவர்களின் வண்டிகளில் இந்த இடம் நரக வேதனை. சிலிக்கான் பட்ட இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது, சுரண்டவும் வராது. மேற்பரப்பு சுத்தமானதும் பியூட்டைல் நாடாவைப் பதித்து, துருவேறாத எஃகுத் திருகாணிகளால் பட்டியை இறுக்க வேண்டும். விளிம்பு நெடுகச் சாம்பல் நிறப் பிசின் பிதுங்கி வரும். அது ஓரிடத்திலாவது பிதுங்கவில்லை என்றால் அங்கே இடைவெளி இருக்கிறது. உடனே வெட்டிவிடக் கூடாது. சில நாள் பொறுத்து, பிசின் அமர்ந்த பிறகு மறுபடி திருகாணிகளை இறுக்கி, அதற்குப் பின் வழிந்ததைச் செதுக்கி எடுக்க வேண்டும்.

பழைய வண்டிகளின் மேல் எனக்கு மரியாதை வந்தது இந்தக் கட்டத்தில்தான். அவற்றைக் கட்டியது உளியும் திருகாணியும் பசையும். பிரிக்கவும் அவையே போதும். இப்போது வருகிற வண்டிகளில் மரமே இல்லாத சட்டமும், தகடுகளை ஒட்டியே இணைக்கும் முறையும் வந்துவிட்டன. துளைகள் குறைவு என்பதால் ஒழுக்கும் குறைவு. அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் நாற்பது வருஷம் கழித்து யாராவது ஒருவர் கொல்லையில் நிறுத்தி, கைக்கருவிகளால் அவற்றைச் சரிசெய்ய முடியுமா என்பது எனக்குச் சந்தேகமே.

தரையைச் சொல்லாமல் விட்டால் பாதி விஷயம் போய்விடும். கேரவனின் தரை இரண்டு பிளைவுட்டுக்கு நடுவே நுரைப்பலகையை ஒட்டிச் செய்தது. ஆட்கள் அதிகம் மிதிக்கும் கதவடியில் ஒட்டு விட்டுப்போய், நடந்தால் மெத்தையில் நடப்பது போல் அமுங்கும். இதற்குத் தரையைப் பெயர்க்க வேண்டியதில்லை. வரிசையாகச் சிறு துளைகள் போட்டு, எபாக்சி பிசினை ஊசியால் செலுத்தி, மேலே கனமாக ஏதாவது வைத்து இறுகவிட்டு, துளைகளில் மரக்குச்சிகளை அடித்து மூடினால் போதும்.

இழுக்கப்போகிற வண்டி

பிரிட்டனில் காருக்கு வருஷா வருஷம் எம்ஓடி பரிசோதனை உண்டு. கேரவனுக்கு அது கட்டாயமில்லை. அதாவது, 60 மைல் வேகத்தில் பின்னால் வரும் ஒரு டன் பாரத்தின் பிரேக்கை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. பொறுப்பு முழுக்க உரிமையாளருடையது. சுவர் வேலையில் கற்றுக்குட்டி தச்சன் துணிந்து இறங்கலாம். பிரேக்கும் அச்சும் அப்படி இல்லை. அனுபவப்பட்ட மெக்கானிக் ஒருவரின் கை பட்டாக வேண்டும்.

டயரைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதிகம் ஓடாததால் பூ தேயாமல் புதுசு மாதிரி இருக்கும். ஆனால் ரப்பர் ஒரே இடத்தில் நின்று நின்று வெயிலில் செத்திருக்கும். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்களைப் படிக்க வேண்டும். 1412 என்றால் 2012ஆம் வருஷத்தின் 14ஆவது வாரம் செய்தது. ஐந்து வருஷம் ஆனால் மாற்றுங்கள், ஏழைத் தாண்டவே கூடாது என்பது இங்கே கேரவன் சங்கத்தினர் சொல்லும் கணக்கு.

சேசிஸை அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். பெயின்ட் அடித்த பழைய இரும்பாக இருந்தால் கம்பிப் பிரஷ், துரு மாற்றி, பிரைமர் என்று வேலை நேர்கோட்டில் போகும். 1980களில் பரவிய, துத்தநாகம் பூசிய இலகுரக சேசிஸ் என்றால் அதில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. எடை குறைய வேண்டுமென்று மெல்லிய எஃகில் செய்தது அது. ஒரு துளை கூட அதன் பலத்தைக் குலைக்கும்.

கொக்கியின் மேல் விழும் பாரம் இன்னொரு சங்கதி. மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் வரை இழுக்கும் காரின் பந்து மேல் அமர வேண்டும். அதற்குக் குறைந்தால், பெரிய லாரி ஒன்று கடந்துபோகும் காற்றுக்கே கேரவன் வாலாட்டத் தொடங்கி, காரையும் சேர்த்துத் திருப்பிவிடும். கனமான சாமான்கள் அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். வண்டியும் சாமானுமாகச் சேர்ந்த எடை காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று புதியவர்களுக்கு அறிவுரை சொல்வார்கள்.

அடுப்பும் நெருப்பும்

சமையல் கேஸ் சிலிண்டரோடு வளர்ந்த நமக்கு இந்தப் பகுதி எளிதில் புரியும். பிரிட்டனில் நீலச் சிலிண்டரில் பியூட்டேன், சிவப்பில் புரொப்பேன். பியூட்டேன் உறைநிலைக் குளிரில் ஆவியாக மறுக்கும், அடுப்பு பற்றாது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை தாங்கும். குளிர்காலத்தில் வெளியே போகிறவர்கள் சிவப்பைத்தான் தூக்குவார்கள். முன்பெல்லாம் பியூட்டேனுக்கு 28 மில்லிபார், புரொப்பேனுக்கு 37 மில்லிபார் என்று தனித்தனி ரெகுலேட்டர்கள். 2003 வாக்கில் இரண்டுக்கும் பொதுவாக 30 மில்லிபார் ரெகுலேட்டர் வந்தது. பழைய அடுப்புக்குப் புது ரெகுலேட்டரை மாட்டும் முன் அதற்கென்று உரிமம் பெற்றவரிடம் காட்டுவது கட்டாயம் என்றே சொல்வேன். ரப்பர் குழாய் எப்படியிருந்தாலும் மாற்றியே தீர வேண்டும்.

கேரவன் தரையில் சில ஓட்டைகள் இருக்கும். குளிர் வருகிறதே என்று புதிதாக வாங்கியவர்கள் துணி வைத்து அடைத்துவிடுவதுண்டு. உயிருக்கு உலை வைக்கும் காரியம் அது. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். வெளியேற அந்த ஓட்டைகள் மட்டுமே வழி. இதோடு கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும், புகை அலாரம் ஒன்றும் மாட்டிய பிறகே ஓர் இரவாவது உள்ளே படுக்க வேண்டும். 1980களுக்கு முந்தைய வண்டி என்றால் அடுப்புக்குப் பின்னாலிருக்கும் வெள்ளைப் பலகை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதை உடைக்கவோ தேய்க்கவோ கூடாது.

பிரிட்ஜ் எனக்குப் பெரிய ஆச்சரியம். அதில் கம்ப்ரெசரே கிடையாது, சத்தமே வராது. 1922இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை அது. சிறு நெருப்பு அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கும். ஆவியான அம்மோனியா குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் சூழ்ந்த குழாய்க்குள் மறுபடி ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை உறிஞ்சும். நெருப்பை வைத்துக் குளிரை உண்டாக்குகிறார்கள். கேஸிலும் ஓடும், 230 வோல்ட்டிலும் ஓடும், கார் ஓடும்போது 12 வோல்ட்டிலும் ஓடும். ஆனால் குழாய்களுக்குள் திரவம் தன் எடையால்தான் இறங்க வேண்டும் என்பதால் வண்டி சாய்ந்து நின்றால் வேலை செய்யாது. முகாமில் இறங்கியதும் கேரவன்காரர்கள் ரசமட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். முகாமில் கிடைக்கும் இணைப்பு 16 ஆம்பியர் அல்லது அதற்கும் குறைவு. வீட்டுக் கெட்டில் ஒன்றே 13 ஆம்பியர் குடிக்கும். ஹீட்டரும் கெட்டிலும் ஒன்றாக ஓடினால் டிரிப் ஆகும். பழைய வயரிங்கை நம்பாமல், 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்சிடியோடு புதுப் பெட்டி மாட்டி, எலக்ட்ரீஷியனிடம் சான்றிதழ் வாங்குவதே முறை. 12 வோல்ட் விளக்குகளை எல்ஈடிக்கு மாற்றினாலே பேட்டரி பல மடங்கு தாங்கும். லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதை மட்டும் மனதில் வைக்க வேண்டும்.

உள்ளே ஒரு வீடு

இத்தனையும் முடிந்த பிறகே மர அலமாரியும் மெத்தையும் திரைச்சீலையும். சமூக ஊடகங்களில் இது தலைகீழாக நடக்கிறது. வார இறுதியில் வெள்ளைப் பெயின்ட், தரையில் ஒட்டும் விரிப்பு, நாலு குஷன், சரவிளக்கு, முடிந்தது. படத்தில் பார்க்க அழகு. உள்ளே சுவர் ஊறிக்கொண்டிருக்கும். பூசி மெழுகிய அந்த வண்டியை அடுத்து வாங்கப்போகிற குடும்பம் அப்பாவி. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

உள் அலங்காரத்தில் முதல் எதிரி எடை. கேரவன் ஏற்றக்கூடிய அதிகபட்ச எடை அதன் தகட்டில் பொறித்திருக்கும். காலி வண்டியின் எடையைக் கழித்தால் துணிமணி, பாத்திரம், தண்ணீர், பேட்டரி எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது கொஞ்சமே. 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகை, எட்டடிக்கு நான்கடி, ஒன்றே சுமார் 40 கிலோ. அதில் இரண்டு பலகையில் அழகாகச் சமையல் மேடை செய்தால் ஒரு ஆள் எடை கூடிவிடும். தொழிற்சாலையில் பாப்லர் மரத்தில் செய்த இலகு பிளைவுட்டைப் பயன்படுத்துவது இதனால்தான். 12 மில்லிமீட்டர் சாதாரண பிளைவுட் என்றாலே அதே அளவுக்கு 20 கிலோவை ஒட்டித்தான் வரும். டைல்ஸ், கிரானைட் எல்லாம் நினைக்கவே வேண்டாம். வேலை முடிந்ததும் எடைமேடையில் நிறுத்திப் பார்க்காமல் சாலைக்குப் போகக் கூடாது.

அடுத்தது இடம். இந்த வண்டிகளின் அசல் வடிவமைப்பை அவசரப்பட்டுக் கலைக்காதீர்கள் என்பேன். முன்பக்கம் எதிரெதிரே இரண்டு திண்டுகள், நடுவே இழுத்துவிடும் பலகைகள். இரவில் அதுவே இருவர் படுக்கை. மேசை மடிந்து சுவரோடு போகும். திண்டுக்கு அடியில் பெட்டி. சதுர அங்குலம் வீணாகாமல் யோசித்துச் செய்திருக்கிறார்கள். அலமாரிகளுக்கும் இன்னொரு வேலை உண்டு: அவை சுவரையும் தரையையும் கூரையையும் பிணைத்து உடம்புக்கு உறுதி தருகின்றன. விசாலமாகத் தெரியட்டும் என்று அவற்றை மொத்தமாக எடுத்துவிட்டால் வண்டி மேடுபள்ளத்தில் கிறீச்சிடும், பட்டி மறுபடி விடும், மழை மறுபடி இறங்கும்.

மெத்தைக்குப் பழைய ஸ்பாஞ்சை வெட்டி எறிந்துவிட்டு அடர்த்தி கூடிய புதுசு போடலாம். தீப்பிடிக்காத தரமுள்ளதுதானா என்று கேட்டு வாங்குங்கள். பிரிட்டனில் 1988 முதல் வீட்டு மெத்தைகளுக்கே அதற்கென விதி இருக்கிறது. பெரியவரின் மனைவி பழைய உறையைத் தையல் தையலாகப் பிரித்து, அதையே அச்சாக வைத்துப் புதுத்துணி வெட்டினார். கடையில் கேட்ட கூலி மிச்சமானதோடு, 1986இன் பழுப்பு வரிகள் போய் கடுகுப் பூவின் மஞ்சள் வந்தது. மரவேலைக்கு அவர்கள் பெயின்ட் அடிக்கவில்லை. உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் மட்டும் போட்டார்கள். ஓக் நிறம் திரும்பி வந்தபோது அதை மறைக்காமல் விட்டது எவ்வளவு நல்லது என்று தோன்றியது.

ஜன்னல், விளக்கு, தாழ்ப்பாள் எல்லாம் கடையில் புதிதாகக் கிடைக்காது. காயலாங்கடைகள்தான் கதி. கேரவன் உடைப்பவர்களுக்கென்றே தனி யார்டுகள் உண்டு. அதே வருஷத்து வண்டி வந்தால் சொல்லி வைக்கலாம். 1992க்குப் பிந்தைய வண்டி என்றால் ஜன்னலில் 17 இலக்க அடையாள எண் பொறித்திருக்கும். அதை வைத்துத் திருட்டு வண்டியா என்று விசாரித்துவிடலாம். அதற்கு முந்தையவற்றுக்குப் பெரும்பாலும் அந்தப் பதிவு இருக்காது; விற்பவரிடம் பழைய ரசீதுகளைக் கேட்டு வாங்குவது நல்லது.

முதல் பயணம்

2021 டிசம்பர் 16 முதல் பிரிட்டனில் சாதாரணக் கார் உரிமம் உள்ளவர்களே 3,500 கிலோ வரை இழுக்கலாம். தனித் தேர்வு வேண்டாம். அதனால் பழக்கம் வேண்டாம் என்று ஆகிவிடாது. காலி மைதானத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பழகுங்கள். ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் கேரவனின் பின்பக்கம் வலப்பக்கம் போகும். நடுவே தடுப்பு வைத்துப் பிரிக்காத சாலைகளில் 50 மைல், மோட்டார்வேயில் 60 மைல் உச்சவரம்பு. மூன்று தடங்கள் உள்ள மோட்டார்வேயில் வலக்கோடித் தடம் இழுவை வண்டிகளுக்குக் கிடையாது.

முதல் இரவுக்குத் தூரம் போக வேண்டாம். ஐந்து கேரவன்களுக்கு மட்டும் அனுமதியுள்ள சிறு முகாம்கள் விவசாயிகளின் வயலோரங்களில் நாடு முழுக்க உண்டு. 1960ஆம் வருஷச் சட்டம் திறந்துவிட்ட வசதி அது. ஒரு தண்ணீர்க் குழாய், கழிவு ஊற்ற ஓரிடம், சில இடங்களில் மின் இணைப்பு, அவ்வளவே. இருபது, முப்பது மைல் ஓடியதும் ஓரமாக நிறுத்தி, சக்கர நட்டுகளை டார்க் ஸ்பேனர் வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு மறுபடி இறுக்க வேண்டும். சக்கரத்தின் நடுவே புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதோடு பயணத்தை முடித்துக்கொண்டு பிரேக்டவுன் சேவையைக் கூப்பிடுவதே புத்திசாலித்தனம்.

நவம்பர் வந்தால் தண்ணீர்க் குழாய்களைத் திறந்துவிட்டு, ஹீட்டர் தொட்டியைக் காலி செய்து, குழாய்த் தலைகளைத் திறந்த நிலையிலேயே விட வேண்டும். உள்ளே தங்கும் ஒரு கோப்பைத் தண்ணீர் உறைந்தால் வால்வைப் பிளந்துவிடும். மெத்தைகளை வீட்டுக்குள் கொண்டுவந்து, அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்து, கைபிரேக்கை விடுவித்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். கைபிரேக் இழுத்தபடி குளிர்காலம் முழுக்க நின்றால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஏப்ரலில் அதைப் பிரிக்க மறுபடி ஜாக்கியும் சுத்தியலும் எடுக்க வேண்டி வரும்.